ஒரு முடிச்சு சிவப்பு, இரண்டு முடிச்சு பச்சை

மார்ச் 3

குச்சிக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்து 'அன்புள்ள தம்பிக்கு' என்று ஆரம்பித்தால், வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று திருப்பி அனுப்பிவிடுவாய். அதனால் குச்சியே இருக்கட்டும். இப்போதாவது உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறதா?

உன் விலாசத்தை மேஸ்திரியிடம் வாங்கினேன். உன்னோடு வேலை பார்த்த அதே மேஸ்திரிதான். போன் நம்பரும் கொடுத்தார். கூப்பிடவில்லை. போனில் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும். எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். இது நாலாவது தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சீலிங் லைட்டை மாட்டியே ஆகவேண்டும் என்கிறார் உன் மாமா. போன திங்கட்கிழமை பல் தேய்த்துவிட்டு வந்தவர் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இந்த ஓட்டையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கறது? அந்த லைட்ட மாட்டிடலாம்" என்றார். இந்த மூன்று வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய பெரிய பேச்சு அதுதான். எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது.

நீயும் அவரும் வட்டமாக அறுத்த பன்னிரண்டு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. அட்டை வெட்டி அடைத்து வைத்திருக்கிறேன். ஒட்டு விட்டு அவ்வப்போது ஒன்று விழும். போன மாதம் ஒன்று நேராக என் தட்டிலேயே விழுந்தது. லைட்டுகளும் பெட்டியோடு பரணில் இருக்கின்றன. போனில் தொட்டால் நிறம் மாறுமே, அதே லைட்டுகள்தான். அன்றைக்கு அவரோடு கீழே விழுந்த லைட்கூட உடையவில்லை. விளிம்பு மட்டும் நெளிந்திருக்கிறது.

அவர் கையைப் பற்றிக் கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். ஏணியிலிருந்து விழுந்தபோது முறிந்த தோள் கூடிவிட்டது. ஷாக் அடித்த வலது கைக்குத்தான் உணர்ச்சி வரவில்லை. போன வாரம் சூடான டம்ளரைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துப் பிடுங்குவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "வலிக்கலியே" என்றார். நான்தான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினேன்.

இப்போது வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். எலக்ட்ரீஷியன். இடுப்பில் பை, வாயில் ஸ்க்ரூ, பேச்சு சுத்தமாகக் கிடையாது. அவளுக்காக உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். நாம் ஒயரில் நூல் கட்டுவோமே, அதில் ஒரு முடிச்சு எது, இரண்டு முடிச்சு எது? எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் உன் கையால் எழுதி வரவேண்டும்.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

கடிதம் கிடைத்தது.

ஒரு முடிச்சு சிவப்பு. அதில் கரண்ட் வரும். இரண்டு முடிச்சு பச்சை. அது எர்த். கருப்புக்கு முடிச்சு கிடையாது, அது என் கண்ணுக்கே தெரியும்.

வந்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு இது எதற்கு என்று புரியவில்லை. கண் நன்றாக இருப்பவர்களுக்கு நூல் தேவையில்லை. சிவப்பும் பச்சையும் ஒரே மண் நிறமாகத் தெரிகிறவனுக்குத்தான் அது வேண்டும். ஸ்கூலில் என் கலர் பென்சில்களில் நீ பிளேடால் கோடு போட்டுக் கொடுத்தாய். வேலைக்கு வந்தபிறகு நூல். உன் துணி திருத்தும் கடையிலிருந்து வெள்ளை நூல்கண்டு எடுத்துக்கொண்டு, சாப்பாடு கொடுக்கிற சாக்கில் வேலை இடத்துக்கே வருவாய், நான் ஏணி ஏறுவதற்கு முன் கட்டிவைப்பாய். பதினொரு வருஷம் அப்படித்தான் வேலை செய்தேன். உனக்கும் மாமாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நீ எல்லோருக்கும் சொன்னாய். மேஸ்திரி இருந்தார், கான்ட்ராக்டர் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். "கண்ணு தெரியாதவன்கிட்ட என் புருஷன் உயிரக் கொடுத்தேனே" என்றாய். கான்ட்ராக்டர் மறுநாளே என்னை நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரிதான். சிவப்பை எடுத்து எர்த்தில் மாட்டிய ஆளை யார் வைத்துக்கொள்வார்கள். எர்த்தில் மாட்டியதால் லைட்டின் தகர விளிம்பு முழுக்கக் கரண்ட். மாமா அதைத்தான் கையில் பிடித்திருந்தார்.

நூலைத் தடவிப் பார்த்துத்தான் மாட்டினேன் என்று அன்றைக்கும் சொன்னேன். நீ கேட்கவில்லை. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தடவினேனா, தடவியதாக நினைத்துக்கொண்டேனா என்று. இப்போது அதைப் பற்றி யோசிப்பதில்லை.

இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். நம்பரைப் பார்த்து அடுக்கினால் போதும். நிற ஸ்டிக்கர் ஒட்டும் பக்கம் போவதில்லை. ஒயரைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. அறையில் பல்பு போனால்கூட பக்கத்து அறைக்காரர்தான் மாற்றுகிறார்.

அந்தப் பெண்ணிடம் சொல், கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்சை மெயினில் முதலில் போடட்டும். நம் வீட்டில் அது கிடையாது. அதுவும் நான் செய்யாமல் விட்ட வேலைதான்.

மாமாவின் கைக்கு எண்ணெய் போடுகிறாயா?

தம்பி

*

மார்ச் 30

குச்சி,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை முடியவில்லை. வராந்தாவில் நான் பேசியதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறாய். நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? அந்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்த நாட்கள் உண்டு. ஆனால் ஒன்று, பிடுங்கிக்கொள்ளவும் இல்லை, உனக்கு எழுதவும் இல்லை. நீதானே மாட்டினாய் என்று ஒரு பிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் சமைத்தேன், கடைக்குப் போனேன், அவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன்.

எண்ணெய் போடுகிறேன். தினமும் போடுகிறேன். அவர் வேறு யார் கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெண் முதல் நாள் வந்ததும் மெயினைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நீ சொன்ன சுவிட்சை அவளே போட்டுவிட்டாள், நீ சொல்லி நான் சொல்லவேண்டிய வேலை வைக்கவில்லை. அப்புறம் ஏணி போட்டு, ஜன்னல் பக்கத்து முதல் ஓட்டையின் அட்டையை எடுத்தாள். அன்றைக்கு லைட் அவரோடு பிய்ந்து விழுந்தபின் யாரோ ஒயர் முனைகளில் டேப் சுற்றி உள்ளே திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு அதை ஒருத்தரும் தொடவில்லை. அவள் டேப்பைப் பிரித்தாள். மேலிருந்தே, "அக்கா, இதுல யாரு நூல் கட்டினது?" என்றாள்.

நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன்.

அது மார்ச் 1. முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டதெல்லாம் நாடகம். நீ முடிச்சை மாற்றி எழுதிவிடமாட்டாயா என்று நப்பாசை.

அந்த ஒயரில் ஒரு விரல் நீளம் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நூலை அவிழ்க்கவில்லை. முடிச்சு எத்தனை என்று நீயே தடவிப் பார்த்துக்கொள். ஒயர் என்ன நிறம் என்று பக்கத்தில் இருக்கிற யாரையாவது கேள். நான் சொன்னால் நீ நம்பவேண்டியதில்லை.

அக்கா

*

ஏப்ரல் 19

குச்சி,

கடிதம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது நடையை வேகமாக்குகிறார். நான் வாசலில் நிற்பது அவருக்குப் பயமாக இருக்கிறதோ என்னவோ.

திட்டியாவது எழுது.

அக்கா

*

ஏப்ரல் 22

அக்கா,

ஒயர் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முடிச்சு இரண்டு. கவரைப் பிரித்ததுமே விரல் சொல்லிவிட்டது. நிறம் கேட்கத்தான் நாளாயிற்று.

இங்கே பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அம்மா ஒருத்தர் இருக்கிறார். யாரிடமும் வம்பு வைத்துக்கொள்ளாதவர். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் காட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டேன்.

"சிவப்பு. ஏம்ப்பா, உனக்குத் தெரியலயா?" என்றார்.

"தெரியாதுங்க. பொறந்ததுலேருந்தே தெரியாது" என்றேன்.

"எங்க அண்ணனுக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நானும் சாப்பிட்டேன். என் வாயால் இதை ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. மணி அடித்தது, வேலைக்குப் போனோம்.

சிவப்பில் இரண்டு முடிச்சு. அப்படியென்றால் நான் தடவித்தான் மாட்டியிருக்கிறேன். சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

இது தெரிந்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. உன் மேல் கோபம் வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. மாமாவுக்குக் கை போல எனக்கு உள்ளே எங்கேயோ ஆகியிருக்கிறது. சூடு படுவது தெரிகிறது, சுடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினொரு வருஷத்தில் நீ ஒரு முடிச்சுகூட மாற்றிப் போட்டதில்லை. காய்ச்சலோடு வந்து கட்டியிருக்கிறாய், அப்போதும் தவறியதில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி?

தம்பி

*

மே 6

குச்சி,

நீ கேட்பதற்கு முன்பே இதைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன, கண் போய்விட்டதா? சிவப்பு தெரியாதா பச்சை தெரியாதா? கடையில் நாள் முழுக்கத் துணிக்கு நூல் பொருத்துகிறவள் நான். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் தூரத்திலிருந்தே வித்தியாசம் சொல்வேன். அந்தத் திமிரில்தான் உன்னை அப்படிப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பதில் கிடைத்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சீலிங் வேலைக்காக அன்றைக்குக் கூடத்து பல்பைக் கழற்றியிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம், உள்ளே இருட்ட ஆரம்பித்துவிட்டது. புது லைட் எரிகிறதா என்று பார்க்க ஒன்றுக்கு மட்டும் பிளக் மாட்டி மேஜைமேல் வைத்திருந்தார் உன் மாமா. கூடத்தில் அந்த ஒரு வெளிச்சம்தான். கருப்பு ஒயரை அவரே மாட்டிவிட்டார். மற்ற இரண்டும் ஓட்டையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. நீ உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாய். நான் ஏணியில் ஏறி நூல் கட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாதமாக நான் தள்ளிப்போட்டுவந்த வேலைக்கு அந்த எலக்ட்ரீஷியன் பெண் மறுபடி வந்து, ஒரு லைட்டை மாட்டி, போனில் இணைத்து, எப்படி இயக்குவது என்று எனக்குக் காட்டினாள். ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தாள், நிறம் நன்றாகத் தெரியட்டும் என்று. போன் திரையில் ஒரு வட்டம், அதில் விரலைச் சுற்றினால் மஞ்சள், ஊதா, பச்சை என்று கூடமே மாறுகிறது. மேஜைமேல் அவள் வெட்டிப் போட்ட ஒயர் துண்டுகள் கிடந்தன. நான் சும்மா ஒரு சிவப்புத் துண்டையும் ஒரு பச்சைத் துண்டையும் கையில் எடுத்தேன். என் விரல் வட்டத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. மஞ்சளில் சிவப்பு சிவப்பாக இருந்தது. ஊதாவில் கொஞ்சம் மங்கியது.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "நீலத்துல வை."

திரும்பினேன். உன் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீலத்துல வெச்சுப் பாரு" என்றார் மறுபடி.

வைத்தேன். கையில் இருந்த இரண்டு துண்டும் கருத்துவிட்டன. எது சிவப்பு எது பச்சை என்று எனக்குத் தெரியவில்லை குச்சி. கிட்டே வைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இருட்டு. உனக்கு உலகம் முழுக்க இப்படித்தானே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் உனக்குக் கோடு போட்டுக் கொடுத்தவள், நூல் கட்டிக் கொடுத்தவள், ஒரு நாளும் அந்த இடத்தில் நின்று பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் ஏணியில் நின்று கட்டும்போது அவர் கீழே போனை வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டினார். "இங்க பாரு, கடல் மாதிரி இருக்கு" என்றார். நானும் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். நீ தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அவர் வெள்ளைக்கு மாற்றியிருந்தார். நீ நூலைத் தடவி மாட்டினாய். உனக்கு அது போதும். அது போதும் என்று உன்னைப் பழக்கியவள் நான். நீ மாட்டி முடித்ததும் அவரே ஏறி லைட்டை ஓட்டைக்குள் தள்ளினார். "கரண்ட போடுடா, எரியட்டும் பாப்போம்" என்று அவசரப்படுத்தினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயே."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் மடியில் கிடந்த வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் பையைக் கட்டிக்கொண்டு, நாளை வருகிறேன் என்று நழுவிவிட்டாள். அவளைக் குறை சொல்லமுடியாது. நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், எதற்கு என்று தெரியாமல் அணைத்தேன். மூன்று வருஷம் நான் உன்னைத் திட்டியதை எல்லாம் அந்த மனிதர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் போனது விபத்தினால் என்று நினைத்து எத்தனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்!

மூன்றாம் நாள் எண்ணெய் போடும்போது அவராகவே சொன்னார். "நீ அவனத் திட்டிக்கிட்டு இருந்த. உண்மையச் சொன்னா என்னத் திட்டுவியோன்னு இருந்தேன். அப்புறம் நாள் போயிடுச்சு. நாள் போனப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவ்வளவுதான். இதற்காகத்தான் நீ அங்கே பெட்டி அடுக்குகிறாய்.

நான் அழவில்லை. எண்ணெயைத் தேய்த்து முடித்தேன். உன் கடிதத்தில் உள்ளே எங்கேயோ ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது என்ன என்று எனக்கும் இப்போது தெரிகிறது.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். கான்ட்ராக்டர் வீட்டுக்கும் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்படியே சொன்னேன். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் போனேன். வராந்தாவில் இருந்தவர்களில் ஒருத்தர் ஊர் மாறிவிட்டார், அவருக்கு மட்டும் போனில் சொன்னேன். முடிச்சைத் தப்பாகக் கட்டியது நான், என் தம்பி சரியாகத்தான் மாட்டினான் என்று. பாதிப் பேர் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே ஞாபகம் இல்லாமல் தலையாட்டினார்கள். கான்ட்ராக்டர் மட்டும், "கண்ணு அப்படித்தான்மா, லைசென்ஸ் வேலைக்கு வெச்சுக்க முடியாது. ஆனா அவன் கை சுத்தமான கை" என்றார். நீ இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அந்தப் பெண்ணை உன் மாமா நிறுத்திவிட்டார். ஒரு லைட் மட்டும் மாட்டியிருக்கிறது. மீதி பதினொன்றும் பெட்டியில். கீழே அவர் எழுதியிருக்கிறார். இடது கையால் எழுதினார், ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றுவிட்டார்.

அக்கா

*மாப்ளே. நீலத்தில் வைத்தவன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான். உன் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஏணியை ஒரு கையால் பிடிக்கலாம். பிடித்துப் பார்த்தேன். ஆடவில்லை. மாமா*

*

மே 21

அக்கா,

மாமாவின் கையெழுத்தை ஃபோர்க்லிஃப்ட் அம்மாவிடம் காட்டினேன். சின்னப் பிள்ளை எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மாமாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன். அவரிடம் நேரில்தான் ஏதாவது சொல்லமுடியும். நேரில் வந்தாலும் சொல்வேனா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காருவேன், அது தெரியும்.

எல்லோர் வீட்டுக்கும் போனாயாமே. கான்ட்ராக்டரை நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லையா? அந்த இடத்தைப் படித்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு, கொஞ்சம் சுட்டது.

நேற்று அறையில் பல்பு போயிற்று. நானே மாற்றினேன்.

இங்கே இம்மாதம் முடிய வேலை இருக்கிறது. அடுத்த மாதம் நாலாம் தேதி வந்து சேருவேன். பதினொரு லைட்டுக்கும் ஒரு நாள் போதும். அந்தப் பெண் மாட்டியதையும் நான் ஒரு தடவை டெஸ்டர் வைத்துப் பார்க்கவேண்டும், அவளிடம் சொல்லாதே. இனிமேல் முடிச்சைத் தடவினாலும் டெஸ்டர் வைக்காமல் மாட்டமாட்டேன். இது உன்னை நம்பாமல் இல்லை.

வெள்ளை நூல்கண்டு ஒன்று எடுத்து வை. ஜன்னல் திரையெல்லாம் விலக்கிவிடு.

பகலில் கட்டு.

குச்சி